ஒன்பதாவது வரிசை

எட்டு வரிசை வரைக்கும் தடையில்லாமல்தான் போயிற்று. ஒன்பதாவதில் வந்து செண்பகவல்லியின் விரல்கள் நின்றன. சாப்பாட்டு மேசையின் பிளாஸ்டிக் விரிப்பில் திராட்சைக் கொத்துகள் அச்சிட்டிருந்தன. மடிக்கணினியின் ஓரம் ஒரு கொத்தைப் பாதி மறைத்திருந்தது. மறையாத பாதியில் எத்தனை பழம் என்று எண்ணினாள். பதினொன்று, இல்லை, பன்னிரண்டு. ஜன்னலோர நாற்காலியிலிருந்து ஞானதுரை சார் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணும்போதே தெரிந்தது, தெரிந்தும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் சிரிக்கவேண்டும். வந்ததிலிருந்து சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது. கோவில்பட்டியில் ஏழரைக்கு பஸ் ஏறி, பாளையங்கோட்டையில் இறங்கி, ஆப்பிள் ஒரு கிலோ, ஹார்லிக்ஸ் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு, "எப்படி சார் இருக்கீங்க" என்று இந்த வீட்டுக்குள் நுழைந்தவள், பத்தே நிமிஷத்தில் பையிலிருந்து கணினியை எடுத்துவிட்டாள். பத்து நிமிஷம்கூட இருக்காது. சாரின் மனைவி ரூபாவதி அக்கா டம்ளரை வைத்தபோது கணினியைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருந்தது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வந்தேனா, சாவி வாங்க வந்தேனா? இரண்டுக்கும்தான். இரண்டுக்கும் என்று சொன்னால் எது முதலில் என்று கேட்பார்கள். யாரும் கேட்கவில்லை. அவளேதான் கேட்டுக்கொண்டாள், பஸ்ஸில் கயத்தாறு தாண்டும்போது ஒருமுறை, ஆப்பிளை எடைபோடும்போது ஒருமுறை. திரையில் பக்கம் திறந்திருந்தது. 'வெளிச் சேவைகளும் தொடர்புகளும்' என்று தலைப்பு. அவர் வைத்த தலைப்பு. நான்கு வருஷத்துக்கு முன் ஞானதுரை சார் இந்தப் பக்கத்தைத் தொடங்கி, தலைப்புக்குக் கீழே 'பிறகு எழுதுகிறேன்' என்று ஒரு வரி போட்டு விட்டிருந்தார். பிறகு எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். அந்த ஒரு வரியை அவள் இன்னும் அழிக்கவில்லை. அதற்குக் கீழேதான் கட்டம் போட்டிருந்தாள்: சேவையின் பெயர், எதற்காக, யார் பொறுப்பு, நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது.

யாரைக் கூப்பிடுவது என்ற அந்தக் கடைசிக் கட்டம்தான். பத்து வருஷமாக அதற்கு ஒரே பதில், சாரைக் கூப்பிடு. 'முறை' என்ற அந்த மென்பொருள் அவர் எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம், காசில்லை. டயாலிசிஸ் செய்கிற சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த நேரம், எந்த மெஷின் என்று பட்டியல் போட்டுத் தரும், அவ்வளவுதான் அதன் வேலை. அவருடைய தம்பிக்கு மூன்று வருஷம் வாரம் இரண்டு தடவை அந்த நாற்காலி. நர்ஸ் ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதிவைப்பாள். ஒருநாள் ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் பெயர் விழுந்து, தம்பி காலையிலிருந்து சாயங்காலம்வரை வராந்தாவில் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மின்வாரிய டைரியின் பின்பக்கத்தில் கட்டம் போட ஆரம்பித்தார். இதை அவர் சொல்லி அவள் கேட்டதில்லை, எழுதிப் படித்ததுதான். மதுரையில் ஒரு கூட்டத்தில் பார்த்தது, அப்புறம் இரண்டு தடவை, அவ்வளவுதான் நேரில் பார்த்தது. குரலை மொத்தம் இருபது முறை கேட்டிருந்தால் அதிகம். மற்றதெல்லாம் எழுத்து. மென்பொருளுக்கு அவளும் திருத்தம் எழுதி அனுப்புவாள். பாலிடெக்னிக்கில் மூன்றாவது பீரியட் பாடம் எடுத்துவிட்டு வந்து பார்த்தால் 'பார்த்துட்டேன், சேர்த்துட்டேன்' என்று ஒரு வரி கிடக்கும். தப்பு செய்திருந்தால் 'அம்மா, அறுபத்திரண்டாம் வரியை நிதானமா ஒருதரம் படிங்க' என்று கிடக்கும். தப்பு என்று சொன்னதே இல்லை. தம்பி போய் ஏழு வருஷம் ஆகிறது. அன்றைக்கும்கூட மத்தியானம் ஏதோ ஒரு ஊர் நர்ஸ் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் எழுதியிருக்கிறார். தேதியைப் பிற்பாடு ஒத்துப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அப்படிப்பட்ட மனிதர் இதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாரே என்று நினைத்தாள். நினைத்ததும் கூசியது. அவர் விழுந்ததுகூடத் தனக்குச் செய்த துரோகம் மாதிரி அல்லவா நினைக்கிறேன். நிமிர்ந்தாள், சிரித்தாள். அவர் வாயின் இடதுபக்கம் மட்டும் சிரித்தது.

ஒன்பதாவது வரிசை, இணையப் பெயர். கேட்டால் சின்ன விஷயம். 'முறை' இத்தனை நாள் இருந்த சர்வர், யாரோ ஒரு நல்ல மனிதர் தன் கம்பெனியில் சும்மா கொடுத்திருந்த இடம், வருகிற புதன்கிழமையோடு நிற்கிறது. அவள் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாள், இரண்டு மாதம் உட்கார்ந்து. ஆனால் நர்ஸ்கள் காலையில் தட்டுகிற அந்தப் பெயர் இன்னும் பழைய இடத்தைத்தான் காட்டுகிறது. வீடு மாறியாயிற்று, தபாலாபீஸுக்குச் சொல்லவேண்டும். சொல்லும் உரிமை சார் ஒருவருக்கு மட்டும். அவர் கணக்குக்குள் போக ஓடிபி வரவேண்டும், ஓடிபி அவர் போனுக்கு வரும், அந்தப் போனை அக்காவிடம் கேட்க இன்னும் வாய் வரவில்லை. மின்னஞ்சல் வழியாகப் போகலாம் என்றால் மின்னஞ்சலுக்குள் போகவும் ஓடிபி. பெயரைப் பதிந்துதந்த கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில், பதிவுசெய்தவர் பதிவுசெய்த எண்ணிலிருந்து பேசி உறுதிசெய்தால் போதும். பேசி. அந்தச் சொல்லை அவள் நான்கைந்து தடவை படித்தாள். மருத்துவச் சான்றிதழ் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, இருபத்தோரு வேலை நாள் ஆகும், உங்கள் பொறுமைக்கு நன்றி. புதன் போய் வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கோ ஒரு நர்ஸ் ராத்திரி டியூட்டிக்காரியிடம் பொறுப்பு வாங்கிக்கொண்டு கணினியைத் தட்டுவாள், வெள்ளைத் திரை வரும். வெளியே ஆட்கள் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு நிற்பார்கள். தெரிந்த பத்தொன்பது இடத்துக்கு அவளே போன் போட்டுப் புது முகவரி சொல்லியாயிற்று. தெரியாத இடங்கள்? இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றால் யார் யார் எடுத்தார்கள் என்ற கணக்கும் கிடையாது. காலைத் தட்டல்களை வைத்துப் பார்த்தால் முப்பதுக்கு மேல். மிச்சம் பன்னிரண்டோ பதின்மூன்றோ எந்த ஊரோ, எந்தத் தெருவோ. அவர்களுக்குத் தெரிந்தது சாரின் நம்பர் மட்டும். மென்பொருளின் அடிப்பக்கத்தில் 'உதவிக்கு' என்று போட்டு அவர் தன் சொந்த நம்பரைக் கொடுத்திருந்தார். வேறு யார் நம்பரைக் கொடுப்பார். நீயே 'என் நம்பரையும் போடுங்க சார்' என்று சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை. பீரியட் நடுவில் போன் வரும் என்று பயந்தாய். ஒருநாள் சொல்லலாம் என்று இருந்தாய். எல்லோருக்கும்தான் ஒருநாள் இருந்தது.

"பதினாறு" என்றார் அவர். செண்பகவல்லி எழுந்து போய் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். தலையை ஆட்டி மறுத்தார். மின்விசிறியைக் கூட்டினாள். அதுவும் இல்லை. "பதினாறு, பதினாறு" என்று நயமாக, ஏதோ ஒரு முழு வாக்கியத்தைச் சொல்கிற ராகத்தில் சொன்னார். சமையலறையிலிருந்து ரூபாவதி அக்கா வந்து, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின் அடியில் மடித்து வைத்தாள். மடியில் கிடந்த அந்தக் கை நிம்மதியானதுபோல் இருந்தது. "எல்லாத்துக்கும் அதத்தாம்மா சொல்லுதாங்க" என்றாள் அக்கா. "தண்ணிக்கும் அதான், வலிக்கும் அதான். என் பேரும் இப்ப பதினாறுதான். நாம சொல்லுதது எல்லாம் புரியுது, அவங்களுக்குச் சொல்ல வரல." முதல் மாசம் அக்கா போனில் இதைச் சொன்னபோது செண்பகவல்லி என்ன செய்தாள்? ஐயோ என்றாள், பாவம் என்றாள், போனை வைத்ததும் சாரின் கடவுச்சொல்லில் பதினாறு வருமோ என்று முயன்று பார்த்தாள். பதினாறு எழுத்துக் கடவுச்சொல்லா, பதினாறாம் தேதி மாற்றினாரா, மின்வாரிய டைரியில் பதினாறாம் பக்கமா. மூன்று தவறானால் கணக்கு ஒருநாள் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது. மறுநாளும் முயன்றாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் ஒரு மூலையில் அந்தச் சந்தேகம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, வெறும் பதினாறு ஏன், பதினைந்து ஏன் இல்லை. டாக்டரிடம் கேட்டதற்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது, சிலருக்கு ஒரு சொல் தங்கிவிடும், அவ்வளவுதான் என்றாராம். ஒரு காரணமும் கிடையாது என்பதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. தனக்கு எந்தச் சொல் தங்கும்? வகுப்பில் அடிக்கடி சொல்வாளே, 'கவனிங்க, கவனிங்க' என்று, அதுவா? மேசைக்குத் திரும்பி உட்கார்ந்து தன் ஏடிஎம் நம்பரை மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். வந்தது. தன் பாலிடெக்னிக் கணக்கின் கடவுச்சொல். வந்தது. அம்மா நம்பர் வரவில்லை. போனில்தான் இருக்கிறதே, அது மனதில் எதற்கு. ஆனாலும் போனை எடுத்து அந்த நம்பரை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"மாத்திரை முடிஞ்சிட்டு, மார்க்கெட் பக்கம் போயிட்டு வாரேன், அரைமணி ஆகும், பாத்துக்கிடுவியா?" என்று கேட்டுவிட்டு ரூபாவதி அக்கா செருப்பை மாட்டினாள். வாசல் கேட் சத்தம் கேட்டது. செண்பகவல்லி கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் முக்காலியில் வைத்தாள். அக்கா இருக்கும்போது ஏன் இதைச் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டே செய்தாள். "சார், புதன்கிழமை நிக்குது. இதுக்குள்ள போகணும். ஓடிபி உங்க நம்பருக்குத்தான் போகுது." அவர் கண் திரையின்மேல் ஓடியது. படிக்கிறாரா, படிப்பதுபோல ஓடுகிறதா? கட்டங்களின்மேல் ஒவ்வொன்றாக இறங்கி ஒன்பதாவதில் நின்றது. அதில் அவர் பெயர் இருந்தது, பக்கத்துக் கட்டம் காலி. அவர் இடது கையை உயர்த்திக் காற்றில் கிறுக்கிக் காட்டினார். பேச்சுப் பயிற்சிக்குக் கொடுத்திருந்த நாலுகோடு நோட்டும் பென்சிலும் ஜன்னல் திட்டில் கிடந்தன. அவள் எடுத்துக் கொடுத்தாள். முந்தைய பக்கங்களில் அ, அ, அ என்று சரிந்து சரிந்து போயிருந்தது. அவர் பென்சிலைப் பிடித்து, நாக்கை ஓரமாகக் கடித்து, ஒன்பது என்று போட்டார். நான்கு. நிறுத்தாமல் மேலே போனார். ஒவ்வொரு எண்ணும் கோட்டுக்குள் நின்றது. பத்து எண்கள். கடைசி இரண்டும் நாற்பத்தேழு. அவள் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தாள். திரையில் ஓடிபி போகும் எண்ணை மறைத்துக் கடைசி இரண்டை மட்டும் காட்டியிருந்தார்கள், அதுவும் நாற்பத்தேழு. "சார், எழுதிட்டீங்க சார்." அவர் தலையை ஆட்டினார், அதில் பெருமை இருந்தது, வேலை முடிந்த ஒரு ஆசுவாசமும் இருந்தது. அந்த எண்ணைக் கூப்பிடவே அவள் மறந்துபோயிருந்தாள். அவர் விழுந்த வாரம் கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுக்காமல், பிறகு அக்காவின் எண்ணுக்குத்தான் பேசுவாள். போன் இந்த வீட்டில்தானே இருக்கும், பீரோவிலோ, மெத்தைக்கடியிலோ. 'ஓடிபி அனுப்பு' என்பதை அழுத்தினாள். தன் போனில் அந்தப் பத்து எண்ணையும் தட்டி, போனைக் காதில் வைக்காமல், எந்த அறையிலிருந்து மணி கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சமையலறையில் குக்கரின் ஆவி அடங்கிக்கொண்டிருந்த சத்தம். தெருவில் கோலமாவு விற்கிற மைக். வீட்டுக்குள் மணி எங்கும் அடிக்கவில்லை. கையிலிருந்த போனுக்குள்ளிருந்து யாரோ பேசினார்கள்.

"ஆருங்க பேசறது?" ஒரு பெண் குரல். பின்னால் சடசடவென்று ஓடு உடைபடுகிற சத்தம். "இது… ஞானதுரை சார் நம்பர்தானே?" என்றாள் செண்பகவல்லி. "அந்த அண்ணனைத்தான் எல்லாருமே கேக்கறாங்க. எனக்குச் சித்திரையில குடுத்த நம்பருங்க இது. கடைக்காரன் புது நம்பருன்னுதான் குடுத்தான். நான் மயிலாத்தாளுங்க, காங்கேயத்துல தேங்காக் களத்துல வேலை செய்யறனுங்க. நீங்களும் டயாலிசா?" செண்பகவல்லி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரீசார்ஜ் செய்யாத நம்பரைக் கொஞ்சநாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று மாணவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தெரிந்த விஷயம்தான், தெரிந்த விஷயம் இப்படி வந்து கதவைத் திறக்கும் என்று நினைக்கவில்லை. மெதுவாக, ஒன்றுவிடாமல் சொன்னாள். சாருக்கு இப்படி ஆகிவிட்டது, இது இன்ன வேலை, புதன்கிழமை நிற்கிறது. இப்போது உங்கள் போனுக்கு ஆறு எண் வந்திருக்கும், அதை மட்டும் படித்துச் சொன்னால் போதும். சொல்லச் சொல்ல, தன் வார்த்தைகள் ஒவ்வொன்றும் செய்தித்தாளில் படித்த மோசடிக்காரனின் வார்த்தைகளாகவே ஒலிப்பது அவளுக்குக் கேட்டது. உண்மைக்கென்று தனியாக ஒரு குரல் இருக்கக்கூடாதா? அந்தப் பக்கம் ஓடு உடைபடுகிற சத்தம் நின்றிருந்தது, அந்தப் பெண் தள்ளி வந்து நின்றிருப்பாள் போல. "வந்திருக்குதுங்க" என்றாள் மயிலாத்தாள். "ஆனா சொல்ல மாட்டனுங்க. எங்க பக்கத்து ஊட்டுக்காரி இப்படித்தானுங்க, பேங்கில இருந்து பேசறேன்னான், ஒடம்பு செரியில்லாத ஆளுன்னான், சொல்லிப்போட்டா. அந்தப் புள்ள கண்ணாலத்துக்கு வெச்சிருந்தது அத்தனையும் போச்சு. நீங்க நல்லவங்களாத்தான் இருப்பீங்க. எனக்கு எப்படிங்க தெரியும்?" செண்பகவல்லி தன் பாலிடெக்னிக் பெயர் சொன்னாள். இந்த வீட்டு முகவரி சொன்னாள். மோசடிக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். திரையில் ஓடிபியின் ஆயுள் நொடி நொடியாகக் குறைந்துகொண்டிருந்தது.

அவர் இடது கையை நீட்டினார். போனைக் கொடு என்கிறார். அவள் தயங்கினாள். அவருடைய நம்பர், அவருடைய பெயர், அவர் எழுதியது. பேசி உறுதிசெய்தால் போதும். கொடுத்தாள். அவர் போனைக் காதில் வைத்து, முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார். அவள் மதுரையில் பார்த்த மனிதர் அந்த ஒரு நொடி அப்படியே வந்து உட்கார்ந்தார். "பதினாறு" என்றார், வணக்கம் சொல்கிற தொனியில். பிறகு நிதானமாக, இடையில் நிறுத்தி, கேட்பவருக்குப் புரிகிறதா என்று பார்த்து, அடுத்த விஷயத்துக்குப் போய், "பதினாறு… பதினாறு பதினாறு… பதினாறு" என்று முழுக்கச் சொல்லி முடித்தார். தம்பியைப் பற்றிச் சொன்னார் என்று அவளுக்குத் தோன்றியது, வராந்தாவைப் பற்றி. "என்னங்க பதினாறு? எனக்கு வந்ததுல பதினாறே இல்லீங்களே" என்று அந்தப் பக்கம் குரல் கலங்கிப்போய்க் கேட்டது. அவர் இன்னும் பொறுமையாக, குரலை இறக்கி, இன்னொருமுறை தொடங்கினார். "ஆருங்க இது? வெக்கறனுங்க, பயமா இருக்குது." போன் நின்றுவிட்டது. நின்றது தெரியாமல் அவர் பேசிக்கொண்டிருந்தார். போனை வாங்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, கை போகவில்லை. போன் இருண்டுபோனதை அவரே காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அப்போது முகம் ஒருமாதிரி இழுத்துக்கொள்ள, சத்தமில்லாமல் அழுதார், வாயின் ஒருபக்கத்தால் மட்டும். நான்தான் கொடுத்தேன், நான்தான் கையில் கொடுத்தேன் என்பது தவிர அவள் தலைக்குள் எதுவும் ஓடவில்லை. திரையில் 'நேரம் முடிந்தது. மீண்டும் அனுப்பவா?' என்று வந்திருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அதை அழுத்தினாள். அழுத்தியபிறகு தன் விரலையே பார்த்தாள்.

ரூபாவதி அக்கா வந்து கண்டது அந்தக் கோலத்தைத்தான். மாத்திரைப் பையை வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இப்ப சாப்பிடுவோம்" என்று சொல்லிக்கொண்டே நோட்டைப் பார்த்தாள். பத்து எண்களைப் பார்த்ததும் அவள் கை நின்றது. செண்பகவல்லியை அடுக்களைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "நாந்தான் அந்த நம்பருக்கு ரீசார்ஜ் போடல. வேணும்னுதான் போடல." குரல் உயரவில்லை. "ஐசியூ வாசல்ல நிக்கேன். உள்ள விடமாட்டேங்காங்க. கையில அவங்க போன். அது அடிச்சிக்கிட்டே கெடக்கு. 'சார், மூணாம் நம்பர் சேர்ல ஆள மாத்த முடியல.' 'சார், பட்டியல் வரல.' நான் என்னத்தைச் சொல்ல? அவங்களுக்கு மயக்கம், ஆஸ்பத்திரியிலன்னு சொல்லுதேன், 'சரி மேடம், எப்ப பேசுவாங்க'ங்கான் ஒருத்தன். நாலு நாளு கேட்டேன். அஞ்சாம் நாளு ஆப் பண்ணி பீரோவுல வச்சேன். அப்புறம் தொறக்கவே இல்ல. அவங்கட்ட சொல்லவும் இல்ல." அந்த நாட்களில் வந்த அழைப்புகளில் பதினொன்று தன்னுடையது என்று செண்பகவல்லிக்குத் தெரியும். போன் பதிவில் இன்னும் இருக்கிறது. முதல் மூன்று பட்டியல் வராததற்கு. மீதிதான் சார் ஏன் எடுக்கவில்லை என்று. "தப்பில்லக்கா" என்றாள். "தப்பா சரியான்னு எனக்குத் தெரியலம்மா. அவங்க பத்து வருஷம் ஊருக்கெல்லாம் போன் எடுத்தாங்க. அந்த நாலு நாளு எனக்கு எடுக்க ஒரு ஆள் இல்ல." குழம்புச் சட்டியைத் திறந்து மூடினாள். "நீ சாப்பிட்டுட்டுத்தான் போகணும்." அக்காவின் பெயரும் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை என்று செண்பகவல்லி நினைத்தாள். எந்தக் கட்டத்தில் போடுவது? யார் பொறுப்பு என்ற கட்டத்திலா?

சாப்பிட்டார்கள். அக்கா அவருக்கு ஊட்டினாள், ரசஞ்சாதம், ஒவ்வொரு வாய்க்கும் இடையில் துண்டால் ஒருமுறை துடைத்து. மாத்திரை போட்டதும் அவர் நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிப்போனார், நோட்டு மடியில் இருந்தது. செண்பகவல்லி கணினியைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்தாள். பத்தாவது, பதினொன்றாவது வரிசைகளை நிரப்பினாள். பிழைகளைச் சேகரிக்கும் இடம், மொழிபெயர்ப்பவர்கள் குழு. பொறுப்பு என்ற கட்டத்தில் செண்பகவல்லி, செண்பகவல்லி என்று தன் பெயரை இறக்கிக்கொண்டே போனாள், கூப்பிட என்ற கட்டத்தில் தன் நம்பர். மேலிருந்து கீழே பார்த்தால் ஒரே பெயர். நாளைக்குப் பல் தேய்க்கும்போது தான் விழுந்தால்? இதையே எடுத்துக்கொண்டு வேறொரு பெண் ஆப்பிளோடு கோவில்பட்டிக்கு வருவாளா? அம்மா அவளுக்கு டம்ளர் கொடுத்துவிட்டு இதே பார்வை பார்ப்பாள். அப்படி வருவதற்கும் ஒரு பெண் வேண்டுமே. குழுவில் யார் யாருக்கு எழுதலாம் என்று யோசித்தாள். எல்லோரும் நல்லவர்கள், எல்லோருக்கும் 'பிறகு' நேரம் இருக்கும். மணி ஒன்று ஆகப்போகிறது. ஒன்றரைக்கு பஸ் பிடித்தால் சாயங்காலத்துக்குள் அம்மாவிடம் போய்விடலாம். புதன்கிழமைக்கு இன்னும் நாலு நாள், சனி போய்விட்டது என்றால் மூன்று. மூன்று நாளில் அந்தப் பெண்ணை நம்பவைக்கக் காங்கேயம் போகவேண்டுமா, களத்தில் போய் நின்றால் நம்புவாளா? நேரில் வருகிற மோசடிக்காரர்களும் உண்டு. நம்பக்கூடாது என்று சரியாகச் செய்கிற ஒருத்தியை எப்படித் தப்பு செய்யச் சொல்வது? அவள் சொல்லவில்லை என்றால் அந்தத் தெரியாத பன்னிரண்டு இடத்தில் வெள்ளைத் திரை, சொன்னால் அவள் பக்கத்து வீட்டுக்காரிக்கு நடந்ததிலிருந்து கற்றுக்கொண்டது பொய். இரண்டையும் மாறி மாறி நினைத்தாள், முடிவு எதுவும் வரவில்லை, தலைதான் வலித்தது. போன் அடித்தது. நாற்பத்தேழில் முடிகிற எண்.

வாசல் பக்கம் போய் எடுத்தாள். "நாந்தானுங்க, மயிலாத்தா. சோத்து நேரம், அதான் கூப்பிட்டேன். சித்தெ முன்னால இன்னொண்ணு வந்துச்சுங்க, அந்த ஆறு நம்பரு. நீங்க பயந்துக்காதீங்க. ரெண்டையுமே அழிச்சுப்போட்டனுங்க. ஒருத்தர்கிட்டயும் சொல்லல." செண்பகவல்லி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயிலில் கம்பி சுட்டது. "சரிங்க" என்றாள், பிறகு, "நன்றிக்கா." "அந்த அண்ணனாங்க பேசினது, பதினாறுன்னு?" "ஆமா." "நான் வெச்சது தப்புங்க. பயந்துட்டேன். அழுதாங்களா?" பதிலுக்கு நிற்காமல் அந்தப் பெண்ணே மேலே பேசினாள். "இந்த டயாலிசுக்காரங்க கூப்பிடறாங்களே, அவங்களுக்கு என்னங்க சொல்லட்டும்? இத்தனை நாளும் அவரு இல்லீங்கன்னு சொல்லிட்டு வெச்சுருவேன். அதுல ஆம்பூர்ல இருந்து ஒரு புள்ள, மூணு தடவ கூப்பிட்டா. அரூர்ல இருந்து ஒருத்தரு. பாவமா இருக்கும்." ஆம்பூரும் அரூரும் செண்பகவல்லியின் பத்தொன்பதில் இல்லை. "என் நம்பரைக் கொடுங்கக்கா. செண்பகம்னு சொல்லுங்க. புது முகவரி ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லித் தரேன், வர்றவங்ககிட்ட சொல்றீங்களா?" "இருங்க, எழுதிக்கறேன். எனக்கு எழுத்து மெதுவாத்தான் வருமுங்க." ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒவ்வொன்றும் திரும்ப வந்தது, நடுவில் ஒன்று தப்பாகி, அடித்து, மறுபடி. முகவரியின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல இன்னும் வெகுநேரம் ஆயிற்று. களத்தில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "அந்த ஆறு நம்பரு மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லி வைத்தாள் மயிலாத்தாள். ஒன்றரை பஸ் போயிருக்கும். உள்ளே வந்தபோது ரூபாவதி அக்கா தரையில் தலையணை போட்டுக் கண்ணயர்ந்திருந்தாள், அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஒன்பதாவது வரிசையின் கடைசிக் கட்டத்தில் செண்பகவல்லி தட்டினாள்: 'இந்த எண் இப்போது காங்கேயத்தில் மயிலாத்தாள் என்பவரிடம் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடலாம். நல்லவர். ஓடிபி சொல்லமாட்டார்.'